செட்டிநாட்டு வளவில் ‘தி திங்’: டிஸ்க் வாங்குவதிலிருந்து படம் ஓடும்வரை

ஜான் கார்பென்டர் 1982-இல் எடுத்த ‘தி திங்’ என்ற ஆங்கிலத் திகில் படத்தை நல்ல டிஸ்க்கில், காரைக்குடி பக்கத்து வீடு ஒன்றில், சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பார்க்க என்னென்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே. படத்தின் பெருமை பேசப் போவதில்லை. பார்க்கலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கான குறிப்புகள் இவை.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக டிஸ்க்கை ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். டிஸ்க் கடைசியில் வாங்க வேண்டியது. இடம், கரண்ட், திரை, பிளேயர், அதற்குப் பிறகுதான் டிஸ்க். இந்தப் படத்துக்குப் பல பதிப்புகள் இருக்கின்றன. அதில் எது உங்களுக்கு ஓடும், எது ஓடாது என்பதை உங்கள் பிளேயரும் திரையும்தான் சொல்லும்.

1. வீட்டின் எந்தக் கட்டுக்குள் போடுவது

வீடு திறந்திருக்கும் நாளில், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். பகலில் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். வளவின், அதாவது தூண்கள் சூழ்ந்த நடுக்கட்டின், முற்றம் திறந்திருந்தாலும் சரி, மேலே ஷீட் போட்டு மூடியிருந்தாலும் சரி, எங்கிருந்து வெளிச்சம் கசிகிறது என்பது இரவில்தான் தெரியும். ஜன்னலுக்கு மேலிருக்கும் வண்ணக் கண்ணாடி வழியாகத் தெருவிளக்கு வரும். எதிர்வீட்டு முகப்பில் எல்இடி பல்பு போட்டிருந்தால் அதுவும் உள்ளே விழும்.

இந்தப் படத்தில் பாதிக்கு மேல் இருட்டான அறைகளும் தாழ்வாரங்களும்தான். இருட்டுக்குள் என்ன நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைப்பதுதான் படத்தின் வேலையே. ஒரு டியூப்லைட் வெளிச்சம் உள்ளே வந்தாலும் அது கெட்டுப்போகும்.

பத்துப் பேருக்குள் என்றால் மாடி ஹால் நல்லது. அதற்கு மேல் என்றால் வளவுக்குப் போகாமல் இரண்டாங்கட்டின் மூடிய பகுதியையோ, பந்தி போடும் பந்திக்கட்டையோ பாருங்கள். வளவு பார்க்க அழகுதான். ஆனால் நாலு பக்கமும் தூண், நடுவில் ஆகாயம், ஐப்பசி கார்த்திகை என்றால் மழை. தூண் மறைக்காமல் எல்லாருக்கும் படம் தெரிகிற மாதிரி உட்கார வைப்பது லேசான காரியமில்லை. வளவில்தான் போடுவோம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் முடிவானதும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

கண்ணாடி: பழைய பெல்ஜியம் கண்ணாடியோ, சட்டம் போட்ட பெரிய போட்டோவோ திரைக்கு எதிரே இருந்தால் படம் அதிலும் ஓடும். பெட்ஷீட் போட்டு மூடிவிடுங்கள்.

தரை: ஆத்தங்குடிக் கல் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். திரையின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிச் சுவரில் அடிக்கும். திரைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே கருநிற ஜமக்காளம் விரியுங்கள்.

சுவர்: முட்டை கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் வெள்ளையாக இருக்கிறதே, அதிலேயே புரொஜெக்டர் அடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். அந்தப் பூச்சு வழவழப்பானது. நடுவில் ஓர் இடம் மட்டும் பளிச்சென்று மின்னும், ஓரம் மங்கும். தனியாகத் திரை வேண்டும்.

2. கரண்ட்

பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு, பொங்கல் என்று திறக்கும்போதுதான் மெயினைப் போடுகிறார்கள். பழைய ஒயரிங்கில் பல இடங்களில் எர்த் கிடையாது. எர்த் இல்லாத பிளக்கில் பிளேயர், ஸ்பீக்கர், டிவி மூன்றையும் சொருகினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் சரியாக இருக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர் வழியாக எல்லாவற்றுக்கும் கரண்ட் எடுங்கள். தனித்தனி அறையிலிருந்து ஒயர் இழுத்தால் அதே இரைச்சல் மறுபடி வரும்.

புரொஜெக்டர் லாம்ப் வகையாக இருந்தால் ஒரு யூபிஎஸ் கட்டாயம். சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் உள்ளிருக்கும் விசிறியும் நின்றுவிடும். லாம்ப்பின் ஆயுள் குறையும். பராமரிப்புக்காக முழுநாள் மின்தடை என்று அறிவித்திருக்கும் நாளில் ஒத்திகை வைக்காதீர்கள். சொல்லவே வேண்டாத விஷயம்தான். இருந்தாலும் பலர் அதே நாளில் ஆளைக் கூப்பிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

3. டிவியா, புரொஜெக்டரா

இந்தப் படம் அகலத்திரைப் படம். அகலம் 2.39 என்றால் உயரம் 1 என்ற கணக்கு. 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 122 செ.மீ.; அதில் படத்தின் உயரம் 51 செ.மீ. மட்டும்தான் வரும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். இரண்டு மீட்டரில் உட்கார்ந்தால் அருமையாக இருக்கும். பந்திக்கட்டின் கடைசியில் உட்காருபவருக்குத் தபால் அட்டை அளவுதான். ஆறேழு பேர் என்றால் டிவி, அதற்கு மேல் புரொஜெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் ரிமோட்டை எடுத்து ‘ஜூம்’ அழுத்துவார். படத்தின் அகலத்தில் கால்வாசி போய்விடும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலம் முழுவதையும் பயன்படுத்தி ஆட்களை நிறுத்தியிருக்கிறார். ஓரத்தில் நின்று மற்றவரைச் சந்தேகமாகப் பார்க்கும் முகம் காணாமல் போனால் காட்சியே புரியாது. ரிமோட்டை ஒளித்து வையுங்கள்.

புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்கும்போது “ஃபுல் எச்டிதானா” என்று மட்டும் கேட்டால் போதாது. விசேஷங்களுக்கு ஸ்லைடு ஷோ போடும் புரொஜெக்டர்கள் பல 1024-க்கு 768 புள்ளி கொண்டவை. அதில் இந்தப் படத்துக்குக் கிடைப்பது 428 வரிதான். 1920-க்கு 1080 என்றால் 803 வரி கிடைக்கும். “1080 புள்ளி நேட்டிவ்வா?” என்று கேளுங்கள். ‘1080 சப்போர்ட்’ என்ற பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்; அந்த அளவு சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

எச்டிஎம்ஐ உள்ளீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்றைய ப்ளூரே பிளேயர்களில் பழைய விஜிஏ கேபிள் சொருக இடமே இல்லை.

திரைக்கு எட்டு முழ வேட்டியைக் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டலாம், ஆனால் ஒற்றை வேட்டியில் பாதி வெளிச்சம் பின்பக்கம் போய்விடும், மின்விசிறிக் காற்றில் அலையும். 100 அங்குலத் திரை வாடகைக்குக் கிடைத்தால் அதுவே உத்தமம்.

4. பிளேயரும் மண்டலக் குறியீடும்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

ப்ளூரே டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா சி. இங்கே விற்கும் பிளேயர் சி மண்டலத்து டிஸ்க்கையும், மண்டலப் பூட்டு இல்லாத டிஸ்க்கையும் மட்டும் ஓட்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பிளேயர் கொண்டு வருவார், அது ஏ. லண்டனில் படிக்கும் பிள்ளை டிஸ்க் வாங்கி வரும், அது பி. இரண்டும் நல்ல பொருள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. திரையில் மண்டலம் பொருந்தவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டாலும் அதே வரிதான் வரும்.

ஃபுல் எச்டியைப் போல நாலு மடங்கு புள்ளி கொண்ட 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு மண்டலக் குறியீடே கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே ஒரு சாதாரண ப்ளூரே டிஸ்க் இருந்தால் அதற்குப் பூட்டு இருக்கலாம். டிவிடிக்கு எண்களில் தனிக் கணக்கு உண்டு, இந்தியாவுக்கு 5. இந்தப் படத்தை டிவிடியில் வாங்குவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

ஆகவே முதலில் கையிலிருக்கும் பிளேயரின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். சின்ன உலக உருண்டைக்குள் ஏ, பி அல்லது சி என்று அச்சாகியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே லேபிளில் மின்னழுத்தமும் இருக்கும். 100–240 வோல்ட் என்றால் கவலையில்லை. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் அது அமெரிக்கப் பொருள். நம் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். சிங்கப்பூர், மலேசியாப் பொருள் 230 வோல்ட்தான், ஆனால் பிளக்கின் மூன்று காலும் செவ்வகமாக இருக்கும். அடாப்டர் வாங்க வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளிடம் கேம் கன்சோல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். டிஸ்க் போடும் வகை ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். ப்ளேஸ்டேஷன் 4 ஓட்டாது, ப்ரோ மாடலும் ஓட்டாது. பல வீடுகளில் புதிதாகப் பிளேயர் வாங்கும் செலவு இதிலேயே மிச்சமாகும். சாதாரண ப்ளூரேவுக்குக் கன்சோலிலும் மண்டலப் பூட்டு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

5. எந்தப் பதிப்பு

தேடும்போது முதலில் வருஷத்தைப் பாருங்கள். இதே பெயரில் 2011-இல் இன்னொரு படம் வந்தது. பெயரில் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை. 1982 கதைக்கு முன்னால் நடந்ததாக எடுத்த படம் அது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, “1982 படத்தின் நாயகன் கர்ட் ரஸல் எப்போது வருவார்” என்று கடைசிவரை காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் ஜான் கார்பென்டர் பெயரும், நீளம் 109 நிமிடம் என்பதும் இருக்க வேண்டும்.

பேசப்படும் பதிப்புகள் இவை.

அமெரிக்காவில் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ப்ளூரே. டீன் கண்டி மேற்பார்வையில் புதிதாக ஸ்கேன் செய்தது. மண்டலம் ஏ. கூடுதல் அம்சங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றாக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வெட்டித் தைத்த வடிவமும் இருக்கிறது. மெனுவில் தவறி அதைப் போட்டுவிடாதீர்கள், படத்தின் குரல்வளையையே நெரித்து வைத்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் ஆரோ வீடியோ 2017-இல் வெளியிட்ட ப்ளூரே. மூல நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து, கார்பென்டரும் கண்டியும் பார்த்து ஒப்புதல் கொடுத்தது. மண்டலம் பி.

யுனிவர்சல் 2021-இல் வெளியிட்ட 4கே அல்ட்ரா எச்டி. மண்டலப் பூட்டு இல்லை.

இந்தியாவில் இருக்கிறவர் எதை வாங்குவது? 4கே டிவியும் 4கே பிளேயரும் இருந்தால் 2021 டிஸ்க், வேறு யோசனையே வேண்டாம். புரொஜெக்டர்தான் என்றால் 4கே டிஸ்க்கைத் தவிர்க்கச் சொல்வேன். 4கே டிஸ்க்கில் வெளிச்சமும் நிழலும் ஹெச்டிஆர் முறையில், அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் விதத்தில், பதிவாகியிருக்கும். வாடகைப் புரொஜெக்டருக்கு அவ்வளவு வெளிச்சத்தைக் காட்டும் திராணி கிடையாது. பிளேயர் அதைச் சாதாரணப் படமாக மாற்றித் தரும்தான். ஆனால் மாற்றும்போது இருட்டுக் காட்சிகள் பல பிளேயர்களில் சேறாகிவிடும். அதற்குப் பதில் பூட்டில்லாத, அல்லது உங்கள் பிளேயருக்குப் பொருந்தும் மண்டலத்து ப்ளூரே போதும்.

சிங்கப்பூர் பிளேயர் வைத்திருப்பவருக்கு ஷவுட் டிஸ்க் ஓடும். லண்டன் பிளேயர் வைத்திருப்பவருக்கு ஆரோ டிஸ்க் ஓடும். இந்தியப் பிளேயரில் இரண்டுமே ஓடாது. இதை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, வாங்கி வரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் வசன வரிகள் இந்தப் பதிப்புகள் எதிலும் இல்லை. ஆங்கில வசன வரிகளோடுதான் பார்க்க வேண்டும். “தமிழ் டப்பிங் 4கே ஒரிஜினல்” என்று மலிவு விலையில் யாராவது விற்றால் அது வீட்டில் எரித்த டிஸ்க். திருப்பிப் பாருங்கள்: உண்மையான டிஸ்க்கின் உள்வட்டத்தில் ஆலை அச்சடித்த குறியீடுகள் பொடியாகத் தெரியும்.

வரவழைக்கும் வழியில், வெளிநாட்டிலிருந்து வரும் ஆள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதுதான் தலைவலி இல்லாதது. கூரியரில் வந்தால் சுங்க வரியும் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் சேரும், அடையாள ஆவணமும் கேட்பார்கள். தகரப் பெட்டிப் பதிப்பு வேண்டாம். வழியில் நசுங்காமல் வருவது அபூர்வம்.

6. டிஸ்க் கைக்கு வந்ததும்

பிரித்த அன்றே முழுதாக ஓட்டிப் பாருங்கள். விசேஷத்தன்றுதான் பிரிப்பேன் என்று சீல் உடைக்காமல் வைத்திருந்தால், பழுது தெரியும்போது திருப்பி அனுப்பும் கெடு தாண்டியிருக்கும். நடுவிலும் கடைசியிலும் தொட்டுப் பார்த்தால் போதாது. 4கே டிஸ்க்கில் தரவு இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். அடுக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலும் உறையும்.

பெட்டியைக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வருகிறதா? டிஸ்க் கழன்று உள்ளே ஓடியிருக்கிறது. கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ப்ளூரேவில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. கைரேகைக்கே சில பிளேயர்கள் முரண்டு பிடிக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவு ஓடும் வழியிலேயே விழும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது. வேட்டி முனை, முந்தானை எல்லாம் வேண்டாம்.

7. செட்டிங்

படம் போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் இதை முடித்துவிடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு மெனுவுக்குள் தேடினால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள்.

முதலில் பிளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அந்த வீட்டில் இன்டர்நெட் இல்லையென்றால் உங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

பிளேயரில் ‘24பி வெளியீடு’ ஆன். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இதை அணைத்து வைத்தால் கேமரா மெதுவாக நகரும் காட்சியெல்லாம் தட்டித் தட்டி ஓடும்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (நடுவில் ஃபிரேம்களைச் சேர்த்து அசைவை மென்மையாக்கும் வசதி) ஆஃப். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ஆன் ஆக இருந்தால் படம் மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அதுவே அணைந்துவிடும்.

4கே டிஸ்க் என்றால், பிளேயர் சொருகியிருக்கும் எச்டிஎம்ஐ வாசலுக்கு டிவி மெனுவில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இதைச் செய்யாவிட்டாலும் படம் வரும், ஆனால் ஹெச்டிஆர் வராது. “4கே வாங்கியும் ஒன்றும் வித்தியாசம் தெரியலையே” என்று புலம்பும் வீடுகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த மெனுவைத்தான்.

8. படத்தின் தொடக்கத்தை வைத்தே திரையைச் சரிசெய்தல்

தனி டெஸ்ட் டிஸ்க் தேவையில்லை. இந்தப் படத்தின் தொடக்கமே கறுப்புக்கும் வெள்ளைக்கும் சோதனை வைக்கிறது.

இருட்டிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். நட்சத்திரங்கள் நிறைந்த விண்வெளி வரும். மேல் கீழ் பட்டையும் வானத்தின் கறுப்பும் கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் பூத்தது போல் இருந்தால் ‘பிரைட்னஸ்’ அதிகம். ஒவ்வொரு புள்ளியாகக் குறையுங்கள். சின்ன நட்சத்திரங்கள் மறையத் தொடங்கினால் ஒரு புள்ளி திரும்ப ஏற்றுங்கள். அங்கே நிறுத்துங்கள்.

அடுத்து பனிவெளி. ஒரு நாய் ஓடிவரும், ஹெலிகாப்டர் துரத்தும். இப்போது பனியைப் பாருங்கள், நாயை அல்ல. மேடு பள்ளம், காற்று வாரிய வரி, நாயின் கால்தடம் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைத் தாளாகத் தெரிந்தால் ‘கான்ட்ராஸ்ட்’ அதிகம், குறையுங்கள். பனி மஞ்சளாகத் தெரிந்தால் பதற்றப்பட்டு ‘கூல்’ மோடுக்குப் போகாதீர்கள். நம் கண் கடைகளில் வைத்திருக்கும் நீலம் பூத்த டிவிக்குப் பழகியிருக்கிறது. ‘வார்ம்’ வைத்து ஒரு கால்மணி நேரம் பார்த்தால் கண் பழகிவிடும். பின்னால் இரவில் வெளியே வைத்த சிவப்பு ஃப்ளேர் வெளிச்சத்தில் வரும் காட்சிகளில், சிவப்பும் நீலமும் பிரிந்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

‘ஷார்ப்னஸ்’ முழுக்கக் குறைத்துவிடுங்கள். முகத்தில் பொடிப்பொடியாக ஆடுவது ஃபிலிமின் இயல்பு. அதைப் பழுதென்று நினைத்து ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ போட்டால், படத்தின் ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் மெனக்கெட்டுச் செய்த உருவங்கள் எல்லாம் மெழுகு பொம்மையாகிவிடும்.

9. சத்தம்

முதலில் அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்காமல் ‘ட்ரிங்ங்’ என்று சுற்றிவந்தால், அதேதான் வசனத்துக்கும் நடக்கும். கல் தரை, சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் சேர்ந்து சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லாத வீடு நம்முடையது. ஸ்பீக்கரில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன்னால் பரணில் இருக்கும் மெத்தைகளை இறக்குங்கள். திரைக்கு எதிர்ச்சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். பக்கச் சுவரில் கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், அதன்மேல் கல்யாணப் பாய். மறுபடி கைதட்டினால் வித்தியாசம் உங்களுக்கே கேட்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் இன்னும் அடங்கும்.

சப்வூஃபரை மூலையில் தள்ளாதீர்கள். எனியோ மோரிக்கோனேயின் இசையில் இதயத்துடிப்பு மாதிரி ஒரு பேஸ் துடித்துக்கொண்டே வரும். மூலையில் வைத்தால் அந்தத் துடிப்பு தனித்தனியாகக் கேட்காமல் ஒரே உறுமலாக இழுபடும். தேக்குக் கதவு, கண்ணாடி அலமாரி எது அதிர்கிறது என்றும் இந்தத் தொடக்க இசையை வைத்தே கண்டுபிடித்து, இடுக்கில் துணி சொருகுங்கள்.

“படம் வருது, சத்தம் மட்டும் வரலை” என்ற புகார் அடிக்கடி வரும். 2021 டிஸ்க்கின் முதன்மை ஒலித்தடம் டிடிஎஸ் வகை. 2018-க்குப் பின் வந்த சாம்சங் டிவிகள் டிடிஎஸ்ஸை ஏற்காது. எல்ஜியிலும் 2020 முதல் 2022 வரை வந்த மாடல்கள் ஏற்காது. பிளேயரை டிவியில் சொருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குக் கொண்டுபோனால் வழியில் சத்தம் நின்றுவிடும். பிளேயரை நேராக சவுண்ட்பாரில் சொருகி, அங்கிருந்து டிவிக்குக் கேபிள் எடுங்கள். அதற்கு வாசல் இல்லையென்றால் பிளேயரின் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். சத்தம் வந்துவிடும்.

சத்த அளவை வசனத்தை வைத்துத் தீர்மானியுங்கள். மெதுவாகப் பேசும் காட்சி ஒன்று கடைசி வரிசையில் புரிகிற அளவுக்கு வைத்துவிட்டு அதன்பின் கை வைக்காதீர்கள். இந்தப் படத்தில் நிசப்தம் நீளும். சத்தம் போதவில்லை என்று அந்த நேரத்தில் ஏற்றினால், அடுத்த நொடி அப்பத்தா அலறுவார்.

10. படம் போடும் இரவு

யாரை அழைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் இந்தப் படத்துக்கு 18 வயதுச் சான்றிதழ். ரத்தமும் உருக்குலைந்த உடல்களும் நிறைய. நாய்க்கூண்டில் நடக்கும் காட்சி ஒன்று, வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்குச் சகிக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை வீட்டின் வேறு கட்டுக்குள் தூங்க வையுங்கள். சத்தம் மட்டும் கேட்டாலும் அவர்கள் எழுந்து வருவார்கள், ஆகவே நடுக்கதவைச் சாத்துங்கள்.

வீட்டில் சொந்தக்காரர்களோடு பார்க்கத்தான் டிஸ்க் விற்கப்படுகிறது. டிக்கெட் போட்டோ, ஊர்ச் சங்கத்தின் பெயரிலோ பொதுவாகத் திரையிட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

எட்டு மணிக்கு முன்னால் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். இடையில் கொறிக்கத் தேன்குழலும் சீப்புச் சீடையும் வைக்கிறார்கள். வேண்டாம். யார் மனிதன் என்று ரத்தத்தைச் சோதிக்கும் காட்சியில் ஒரு சீடை கடிபடும் சத்தம் பந்திக்கட்டு முழுக்கக் கேட்கும். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் மாதிரி மெத்தென்ற பலகாரமாக வையுங்கள்.

இடைவேளை இல்லாத படம் இது. 109 நிமிடம் ஒரே மூச்சாகப் போவதுதான் சரி. முடியாது, காபி வேண்டும் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நிறுத்தினால் படம் கட்டிவைத்த சந்தேகம் எல்லாம் காபிப் பேச்சில் கரைந்துவிடும்.

ஆங்கில வசன வரிகளை ஆன் செய்யும்போது இரண்டு வகை தெரிந்தால், கதவு சாத்தும் சத்தம், இசை என்றெல்லாம் எழுதிக் காட்டும் வகையைத் தவிருங்கள். என்ன வரப்போகிறது என்பதை அது முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். தொடக்கத்தில் ஒருவர் நார்வே மொழியில் கத்துவார், மொழிபெயர்ப்பு வராது. டிஸ்க் பழுது என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த மொழி தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

கார்பென்டரும் கர்ட் ரஸலும் சேர்ந்து பேசிய வர்ணனைத் தடம் சில பதிப்புகளில் இருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்களோடு அதைப் போட வேண்டாம். மறுநாள் மத்தியானம், மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேரோடு கேளுங்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள்.

11. முடிந்ததும்

புரொஜெக்டரை ரிமோட்டால் அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள். டிஸ்க்கைப் பிளேயருக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த விசேஷத்துக்குத் திறக்கும்போது தட்டு வெளியே வராது. டிஸ்க்கை அதன் பெட்டியில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து மேலே பாத்திரங்களை அடுக்காதீர்கள். மாடி அறையும் இரும்புப் பீரோவும் சித்திரை வெயிலில் கொதிக்கும், அங்கே வேண்டாம். கீழ்க்கட்டில் மர அலமாரி இருந்தால் அதில் வைக்கலாம். இல்லையென்றால் கையோடு எடுத்துப் போய்விடுங்கள், பிளேயர் லேபிளின் போட்டோவையும் ஒரு பிரதி எடுத்துப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்து.